25ஆம் துண்டு எப்படிப் பச்சையானது: ஒரு வயல் வரைபடத்தில் நிறம் கசிந்த நிகழ்வு

கடந்த சிறுபோகத்துக்குச் சற்று முன்னர் எங்கள் கடையிலிருந்து ஒரு வயல் வரைபடம் பிழையாக வெளியே போனது. 24 காணித் துண்டுகள் பச்சையாக இருக்க வேண்டிய படத்தில் 25 துண்டுகள் பச்சையாக இருந்தன. அந்த ஒரு துண்டை நம்பி ஒருவர் தண்ணீர் வராத வயலைக் காசு கொடுத்து உழுதுவிட்டார். படத்துக்கு நிறம் நிரப்பியவள் நான். ஆகவே என்ன நடந்தது, எங்கே பிடிபட்டது, பிறகு வேலையை எப்படி மாற்றினேன் என்பதை முழுதாக எழுதுகிறேன். தெரிவு செய்த இடத்தை ஒரே நிறத்தால் நிரப்புவது பள்ளிப் பிள்ளைகளும் கணினியில் முதலில் பழகும் வேலை. அதில்தான் இது நடந்தது.

எங்கள் கடை கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம். கலியாண அழைப்பிதழ், சாமத்திய வீட்டு அல்பம், கண்ணீர் அஞ்சலிப் பதாகை, பாடசாலைச் சான்றிதழ் என்று போகும் வேலைகள்தான் அதிகம். வரைபடம் எப்போதாவதுதான் வரும். இது வந்தது பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்குத் தெற்கே உள்ள ஒரு நடுத்தரக் குளத்தின் கமக்காரர்களிடமிருந்து.

வன்னிக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவத்தில்தான். காலபோகத்துக்கு மழையும் குளமும் சேர்ந்து கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர் மட்டும்தான். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களின் கீழேகூட எல்லா வயலையும் சிறுபோகத்தில் விதைக்க முடியாத ஆண்டுகள் உண்டு. அதனால் போகம் தொடங்க முன்னர் கூட்டம் வைத்து, இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர், எந்தத் துண்டுகள் என்று முடிவெடுப்பார்கள்.

இந்தக் குளத்தின் கீழே 72 துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்று ஏக்கர், 72 குடும்பங்கள். அந்த முறை 72 ஏக்கருக்குத்தான் தண்ணீர் காணும் என்று கணக்கு வந்தது. துருசுக்கு, அதாவது குளத்திலிருந்து தண்ணீர் திறக்கும் வாசலுக்கு, கிட்டவாக இருக்கும் முதல் 24 துண்டுகளை மட்டும் விதைப்பது, ஒவ்வொரு துண்டையும் மூன்று குடும்பங்களுக்குப் பிரிப்பது, ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று முடிவு. கடைவாய்க்கால் ஓரத்தில் காணி வைத்திருப்பவருக்கும் ஓர் ஏக்கர் கிடைக்கிறது. அந்தக் கணக்கின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விதைக்கும் துண்டுகள் பச்சை, குளமும் வாய்க்காலும் நீலம், மற்றதெல்லாம் வெள்ளை. ஒரு பெரிய தாள் பொதுநோக்கு மண்டபத்தில் ஒட்ட, சின்னப் பிரதிகள் வீட்டுக்கு ஒன்று. இதுதான் எனக்கு வந்த வேலை.

படம்

அவர்கள் கொண்டுவந்த மூலப்படம் ரேசிங் பேப்பரில் கறுப்பு மையால் கீறியது. கீறியவர் அந்தக் குளத்தில் வாய்க்கால் மேற்பார்வை பார்த்து இளைப்பாறிய ஓர் ஐயா. பல ஆண்டுகளுக்கு முன்னர் கிராமப் படத்தைப் பார்த்துத் தன் கையால் பிரதியெடுத்தாராம். ஓர் அங்குலத்துக்கு நான்கு சங்கிலி அளவு (ஒரு சங்கிலி 66 அடி). இடம்பெயர்ந்தபோது அதை எட்டாக மடித்து, யூரியாப் பைக்குள் வைத்துக் கட்டி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வரை கொண்டுபோய், திரும்பவும் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் இருந்த மற்றக் கடதாசிகள் எல்லாம் போய்விட்டன. இது மட்டும் மிஞ்சியது.

மடிப்பு விழுந்த இடங்களில் மை தேய்ந்திருந்தது. ஒரு மூலையில் ஈரம் ஊறிய பழுப்புக் கறை. மற்றபடி துண்டின் எண்கள், வாய்க்காலின் வளைவு, வண்டில் பாதை எல்லாம் துல்லியம். கையில் வாங்கியபோதே இதில் ஒரு கோட்டையும் மாற்றக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சரியானது. ஆனால் அதனாலேயே தேய்ந்த கோடுகளைத் தொடாமல் விட்டுவிட்டேன். பிறகு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்த விதம்

கடை ஸ்கானர் ஏ4 அளவுதான். படம் அதைவிடப் பெரியது. நான்கு தடவையாக, 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கான் செய்து, கிம்ப் மென்பொருளில் ஒட்டினேன். ஸ்கானர் தன் வழமைப்படி ஜேபெக்காகச் சேமித்தது. அதை நான் மாற்றவில்லை.

பிறகு வாளிக் கருவியை எடுத்துத் துண்டு துண்டாக நிறம் ஊற்றத் தொடங்கினேன். கிம்பில் அந்தக் கருவிக்கு ஓர் எல்லை மதிப்பு உண்டு, வழமையாக 15 என்று இருக்கும். நாம் சொடுக்கிய புள்ளியின் நிறத்துக்கும் பக்கத்துப் பிக்சலின் (படத்தின் மிகச் சிறிய புள்ளியின்) நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த மதிப்புக்குள் இருந்தால் நிறம் அங்கேயும் போகும். அதற்கு மேலே போனால் நின்றுவிடும். போட்டோஷொப்பிலும் இதே ஏற்பாடுதான், அங்கே வழமை மதிப்பு 32.

15இல் ஊற்றியபோது பச்சைக்குள் பொரிப்பொரியாக வெள்ளைப் புள்ளிகள். கோட்டை ஒட்டி ஒரு வெளிறிய கரை. காரணம் ஜேபெக். அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும்போது, கறுப்புக் கோட்டைச் சுற்றியுள்ள வெள்ளைத் தாளில் சாம்பல் தூசியைத் தூவிவிடும். கண்ணுக்கு அது தெரியாது. வாளிக்குத் தெரியும், அந்தத் தூசியை வேறு நிறம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடும். புள்ளிகள் போகட்டும் என்று மதிப்பை 30 ஆக்கினேன், பிறகு 50, பிறகு 70. எழுபதில் புள்ளிகள் எல்லாம் மறைந்தன. வழுவழுப்பான பச்சை. அழகாக இருந்தது. அந்த அழகைத்தான் நான் நம்பினேன்.

நடுவில் ஒரு பெரிய கசிவு வந்தது. 11ஆம் துண்டில் சொடுக்கியதும் வாய்க்கால், பாதை, படத்தின் ஓரம் என்று எல்லாம் ஒரே பச்சை. இரண்டு ஸ்கான்கள் சேரும் இடத்தில் கோடு இரண்டு பிக்சல் விலகி நின்றது. கொன்ட்ரோல் இசட் அடித்து மீட்டு, இடைவெளியைப் பென்சில் கருவியால் அடைத்து, திரும்ப ஊற்றினேன். சரிவந்தது. ஒரு கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றதும், இனிக் கசிந்தால் இப்படித்தான் முகத்தில் அடித்த மாதிரித் தெரியும் என்று மனம் எடுத்துக்கொண்டது. பெரிய கசிவு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பக்கத்து ஒரே ஒரு மூடிய துண்டுக்குள் போய் நின்றுவிடும் கசிவு அப்படிக் காட்டாது. படத்தில் கோடும் இருந்தது, 24 என்ற எண்ணும் இருந்தது, 25 என்ற எண்ணும் இருந்தது. பச்சை மட்டும் ஒரு துண்டு கூடியிருந்தது. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பிடிபட்ட இடம்

படம் மண்டபத்தில் ஒட்டி ஐந்தாறு நாள் கழித்து அந்த ஐயா கடைக்கு வந்தார். சைக்கிளை வெளியே விட்டுவிட்டு, மடித்த பிரதியை மேசையில் விரித்தார்.

"பிள்ளை, இருபத்தைஞ்சும் பச்சையா இருக்கு. கூட்டத்தில இருபத்துநாலு எண்டுதானே முடிவு?"

நான் எண்ணினேன். 25. அவரே தொடர்ந்தார்.

"அந்தக் காணிக்காரன் படத்தைப் பாத்திட்டு முதல் உழவு உழுதிட்டான். அவனில பிழை சொல்லேலாது. படம் அப்பிடித்தானே சொல்லுது."

அந்தக் காணிக்காரர் அன்றைய கூட்டத்துக்கு வரவில்லை, மகளை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவருக்குக் கிடைத்த ஒரே தகவல் என் படம்தான். அவருக்கும் 24 துண்டுகளுக்குள் ஓர் ஏக்கர் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் தன் துண்டே பச்சையாக இருப்பதைக் கண்டால் எந்தக் கமக்காரரும் அதைத்தானே முதலில் உழுவார்? உழவுக் கூலியை நான் அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்க மறுத்தார், கமக்காரர்களின் செயலாளர் அண்ணா சொல்லித்தான் வாங்கினார். காசைவிட எனக்கு உறுத்தியது வேறு. 25ஆம் துண்டுக்கும் தண்ணீர் விடப்போகிறார்கள் என்று கடைவாய்க்கால் ஆட்கள் இரண்டு நாள் கதைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று சமமாகப் பிரித்த முடிவின் மேலேயே சந்தேகம் விழுந்துவிட்டது.

அன்று மாலை ஐயாவை இருக்கச் சொல்லி, அவருக்கு முன்னாலேயே கணினியில் அந்தப் பைலைத் திறந்தேன். 24க்கும் 25க்கும் நடுவில் உள்ள கோட்டைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோடு இருக்கிறது. அறுந்துபோகவில்லை. "வரம்பு நிக்குதே பிள்ளை, பிறகேன் போச்சு?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

நிறத்தை அளக்கும் கருவியால் கோட்டின் வழியே ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தோம். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. தாள் 232ஐ ஒட்டி இருந்தது. நல்ல கோடு 40, 50, 60. மடிப்பு குறுக்கே போகும் இடத்தில் மட்டும், ஒன்பது பிக்சல் நீளத்துக்கு, கோடு 175. அங்கே மை தேய்ந்து சாம்பலாகியிருந்தது. 232இலிருந்து 175ஐக் கழித்தால் 57. நான் வைத்த மதிப்போ 70. வாளியின் கணக்கில் அந்த ஒன்பது பிக்சலும் கோடே அல்ல, தாள்.

உறுதிப்படுத்த ஒரு பிரதி எடுத்து 24க்குள் திரும்பத் திரும்ப ஊற்றினோம். 15இல் நின்றது. 30இல் நின்றது. 50இலும் நின்றது. 60 வைத்ததும் பச்சை அந்த ஒன்பது பிக்சல் வழியாக 25க்குள் போய் அதை முழுக்க நிரப்பியது. கண்ணுக்குத் தெரிந்த கோடு கருவிக்குத் தெரியவில்லை. மனிதக் கண் ஒரு கோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்து நடுவில் மங்கலாக இருப்பதைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும். கருவி ஒரு நேரத்தில் ஒரு பிக்சலைத்தான் பார்க்கிறது.

ஐயா சிரித்துக்கொண்டு சொன்னார்: "இது நண்டுப் பொந்து பிள்ளை. வரம்பு பார்வைக்கு நிக்கும். உள்ளுக்குள்ள ஒரு பொந்து இருந்தாக் காணும், விடியிறதுக்கிடையில தண்ணி கீழ் வயலுக்கு இறங்கியிடும்."

நிரலாளர்கள் இந்த நிரப்பும் முறைக்கு வைத்திருக்கும் பெயரே வெள்ளம்தான். சொடுக்கிய புள்ளியில் தொடங்கி, மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கத்தையும் பார்க்கும். ஒத்த நிறமென்றால் அங்கே போய், அங்கிருந்து திரும்ப நான்கு பக்கம். போக இடமில்லாமல் போகும் வரைக்கும் இதுதான். மூலைவிட்டப் பக்கங்களையும் சேர்த்து எட்டுப் பக்கம் பார்க்கச் சொல்லும் தெரிவு ஒன்றும் கிம்பில் உண்டு. அதைத் தொடாமல் விடுவது நல்லது. ஒரு பிக்சல் தடிப்பில் சாய்வாகப் போகும் கோட்டில் கறுப்புப் பிக்சல்கள் மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு நிற்கும். நான்கு பக்க வெள்ளம் அதைத் தாண்டாது. எட்டுப் பக்க வெள்ளம் அந்த மூலைகளுக்கு நடுவால் நுழைந்துவிடும்.

திரும்பச் செய்தது

முதலில், தெரிவையும் நிரப்புவதையும் இரண்டு வேலையாகப் பிரித்தேன். வாளி இரண்டையும் ஒரே சொடுக்கில் செய்துவிடுகிறது. எது வரை போகும் என்று பார்க்க முன்னரே ஊற்றிவிடுகிறது. மந்திரக்கோல் போன்ற தெரிவுக் கருவியால் சொடுக்கினால் எறும்பு ஊர்வது போல ஒரு வரி ஓடும். அந்த வரி எங்கே ஓடுகிறது என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு நிறத்தை விடலாம். மடையைத் திறக்க முன்னர் வரம்பை நடந்து பார்ப்பது போல. ஒரு துண்டுக்குக் கூடுதலாக அரை நிமிடம் பிடிக்கும்.

ஸ்கானைத் திரும்ப எடுத்தேன், இந்த முறை பிஎன்ஜி. அது படத்தின் தரத்தைக் குறைக்காமல் சேமிக்கும். கோட்டைச் சுற்றிய சாம்பல் தூசி பெரும்பாலும் போய்விட்டது, எல்லை மதிப்பைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. முதல் தடவையே இதைச் செய்திருந்தால் 70 வரை நான் போயிருக்க மாட்டேன். கைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும் வரைபடங்களை இப்போது நிறம் நிரப்பும் வேலைக்கு நான் ஏற்பதில்லை. அந்தச் செயலி அனுப்பும்போது இன்னொரு முறை சுருக்கிவிடும், வெளிச்சமும் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்திருக்கும். மூலத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

மூலப்படத்தை அடியில் ஒரு லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) வைத்துப் பூட்டினேன். அதன் பிரதி ஒன்றை எடுத்து, 190க்குக் கீழே உள்ளதெல்லாம் முழுக் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் முழு வெள்ளை என்று வெட்டினேன். தேய்ந்த 175உம் இப்போது கறுப்பாகிவிட்டது. மூலையில் இருந்த பழுப்புக் கறையின் ஒரு பகுதியும் கறுப்பாகிவிட்டது, அதைக் கையால் அழித்தேன். இந்தப் பிரதி அச்சுக்குப் போகாது. தெரிவுக் கருவி வரம்பு தெரிந்து நிற்பதற்கு மட்டும்.

அதற்குப் பிறகும் முழுதாக அறுந்த இடங்கள் சில இருந்தன. அவற்றை அடைக்க ஒரு தனி லேயர் போட்டு, அதில் மட்டும் சிவப்புக் கோட்டால் அடைத்தேன். ஐயா கீறிய கோடு கறுப்பு, நான் சேர்த்த கோடு சிவப்பு. இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நாளைக்குக் காணிப் பிரச்சினை வந்தால், எது பழைய படத்தில் இருந்த எல்லை, எது கடையில் ஒரு பெண் ஊகித்த எல்லை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். மொத்தம் 17 சிவப்புக் கோடுகள். அவற்றை மட்டும் பெரிதாக அச்சிட்டு ஐயாவிடம் கொடுத்தேன். அவர் ஒரு நாள் எடுத்து, சிலதுக்கு வயலுக்கே போய்ப் பார்த்து, 16க்குப் பக்கத்தில் சரி போட்டுத் தந்தார்.

இடைவெளியைத் தானாக அடைத்து நிரப்பும் வசதி கிம்பிலேயே இருக்கிறது. 2019இல் வந்த 2.10.10 பதிப்பிலிருந்து வாளிக் கருவியில் அந்தத் தெரிவு உண்டு. கோட்டுச் சித்திரத்துக்கு நிறமிடுபவர்களுக்காகச் செய்தது. அதையும் முயன்றேன். அறுந்த வரம்புகளில் பலதை அழகாக அடைத்தது. ஆனால் வண்டில் பாதை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் ஐயா வேண்டுமென்றே கோட்டை விட்டு வைத்திருந்தார், அங்கே ஒரு சிறு பாலம். அதையும் சேர்த்து அடைத்துவிட்டது. எது தேய்மானம், எது வாசல் என்று மென்பொருளுக்குத் தெரியாது. கதைப் படத்துக்கு நிறமிடும்போது இந்த வசதி அருமையாக உதவும். காணிப் படத்துக்கு நான் பயன்படுத்த மாட்டேன்.

நிறத்துக்கு இன்னொரு தனி லேயர், கோட்டு லேயருக்குக் கீழே. தெரிவு செய்ததும் அதற்குள் உள்ள ஓட்டைகளை நீக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு எண்ணின் உள்வட்டங்கள் வெள்ளையாக நிற்கும். 6, 8, 9 போன்ற எண்களின் வயிற்றுக்குள் வெளியே இருந்து வெள்ளம் போக வழியில்லை. பிறகு தெரிவை இரண்டு பிக்சல் பெருப்பித்தால் நிறம் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் போய்விடும், அந்த வெளிறிய கரை மறையும். ஓரத்தை மென்மையாக்கும் தெரிவுகளை நிறுத்திவைத்தேன். அதன் பிறகு கொன்ட்ரோலும் கொமாவும். முன்நிறம் தெரிவு முழுவதும் ஒரே அளவில் விழும். போட்டோஷொப் வைத்திருப்பவர்களுக்கு அது ஆல்ட்டும் பேக்ஸ்பேஸும். இந்தக் கட்டளைக்கு எல்லை மதிப்பு என்று ஒன்றில்லை. தெரிவுக்குள் இருப்பதை நிரப்பும், வெளியே ஒரு பிக்சலும் போகாது.

ஏக்கர் கணக்கு

இந்த நிகழ்விலிருந்து எனக்குக் கிடைத்ததில் மிகப் பயனுள்ளது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படத்தின் அளவு ஓர் அங்குலத்துக்கு நான்கு சங்கிலி. ஆகவே ஒரு சதுர அங்குலம் 16 சதுரச் சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பது பழைய நில அளவைக் கணக்கு. அப்படியென்றால் ஒரு சதுர அங்குலம் 1.6 ஏக்கர். 300 டிபிஐயில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 300 பெருக்கல் 300, 90,000 பிக்சல்கள். அதை 1.6ஆல் வகுத்தால் ஓர் ஏக்கருக்கு 56,250 பிக்சல். மூன்று ஏக்கர் துண்டுக்கு 168,750.

கிம்பில் ஹிஸ்டோகிராம் என்ற பலகை தெரிவுக்குள் எத்தனை பிக்சல் என்று எண்ணிச் சொல்லும். தெரிவைப் பெருப்பிக்க முன்னர் இதைப் பார்க்க வேண்டும். வரம்புக் கோட்டின் தடிப்பு கொஞ்சத்தைத் தின்றுவிடும், பழைய தாளும் சற்றுச் சுருங்கியிருக்கும். அதனால் என் துண்டுகள் பெரும்பாலும் 163,000ஐ ஒட்டி வந்தன. அதில் ஓரிரண்டு சதவீதம் கூடலாம், குறையலாம். முதல் படத்தின் பைலில் 24ஆம் துண்டின் தெரிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 326,000க்கு மேலே. ஆறு ஏக்கர். ஒரே ஒரு முறை இந்த எண்ணைப் பார்த்திருந்தால் அந்தக் காணிக்காரர் உழுதிருக்க மாட்டார்.

கடைசியில் பச்சை லேயர் முழுவதையும் தெரிவு செய்து மொத்தத்தையும் பார்த்தேன். 72 ஏக்கருக்கு ஒத்து வந்தது. செயலாளர் அண்ணாவுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கூட்டத்தில் வாயால் சொன்ன ஏக்கரும் தாளில் உள்ள ஏக்கரும் ஒன்று என்று அவர் இப்போது சொல்லக்கூடியதாக இருக்கிறது. இது நில அளவைக்குப் பதிலாகாது என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொன்னேன். கசிவைப் பிடிக்கும் வலை, அவ்வளவுதான். நிறம் ஒரே சீராக இருந்தால்தான் இந்த எண்ணிக்கையே வேலை செய்யும். ஓரத்தில் அரைப் பச்சையும் கால் பச்சையுமாகப் பிக்சல்கள் இருந்தால் எதை எண்ணுவது, எதை விடுவது என்று தெரியாது. ஓரம் மென்மையாக்குவதை நிறுத்தியதும் இதற்காகத்தான்.

போட்டோக்கொப்பி

இன்னொரு பிழையும் இருந்தது, அது யாரையும் பாதிக்க முன்னர் ஐயாவின் பிரதியிலேயே தெரிந்துவிட்டது. பெரிய படம் நிறத்தில் அச்சானது. வீட்டுக்கு வீடு கொடுத்தது கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பி. அதில் வயலும் வாய்க்காலும் ஒரே சாம்பல். அவர் 25ஐக் கண்டுபிடித்ததே வாய்க்காலை மனப்பாடமாகத் தெரிந்தவர் என்பதால்தான்.

நான் வைத்த பச்சை, சிவப்பு 150, பச்சை 210, நீலம் 120 என்ற கலவை. நீலம், 120, 205, 255. நிறத்தைச் சாம்பலாக மாற்ற, சிவப்பை 0.299ஆலும் பச்சையை 0.587ஆலும் நீலத்தை 0.114ஆலும் பெருக்கிக் கூட்டுவது பழகிய கணக்கு. பச்சைக்கு 182 வருகிறது, நீலத்துக்கு 185. திரையில் இரண்டும் வேறு வேறு ஊர் போல இருந்தவை, கொப்பி இயந்திரத்துக்கு ஒரே தாய் பிள்ளைகள். இப்போது பச்சை 170, 220, 150, சாம்பலில் 197. நீலம் 30, 90, 160, சாம்பலில் 80. நிறத்தை வைத்துவிட்டு ஒரு முறை படத்தைச் சாம்பலாக்கிப் பார்ப்பேன், பிறகு திரும்ப மாற்றுவேன். பச்சை சிவப்பு வேறுபாடு தெரியாத கண்ணுள்ளவர்களுக்கும் இந்த வெளிச்ச வித்தியாசம் உதவும். ஆண்களிடையே அப்படிப்பட்டவர்கள் நாம் நினைப்பதைவிடக் கூட. எங்கள் கூட்டங்களில் படத்தைச் சுற்றி நிற்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான்.

இப்போது

புதுப் படம் மண்டபத்தில் ஒட்டப்பட்டு அந்தச் சிறுபோகம் முடிந்துவிட்டது. இரண்டைத் தவிர ஒவ்வொரு துண்டின் தெரிவையும் அதன் எண்ணைப் பெயராக வைத்து ஒவ்வொரு சனலாக (தெரிவைப் பைலுக்குள் சேமித்து வைக்கும் இடம்) சேமித்திருக்கிறேன். வருகிற ஆண்டு 30 துண்டு என்று முடிவெடுத்தாலும், பத்து என்று முடிவெடுத்தாலும், வரம்புகளைத் திரும்பத் தேட வேண்டியதில்லை. எண்ணைத் தெரிவு செய்து நிறத்தை விட்டால் போதும். பைலின் ஒரு பிரதி செயலாளர் அண்ணாவிடம், ஒன்று ஐயாவின் பேத்தியிடம். மூலப்படம் இப்போது மடிக்காமல், பிவிசி குழாய் ஒன்றுக்குள் சுருட்டி ஐயாவின் வீட்டுக் கூரை வளையில் தொங்குகிறது.

சரி போடாத அந்தப் 17ஆவது சிவப்புக் கோடு 52ஆம் துண்டின் கிழக்குப் பக்கம். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் தாளே கிழிந்து போயிருக்கிறது. வயலிலும் போய்ப் பார்த்தார். 2009க்குப் பிறகு மீளக் குடியேறியபோது இரண்டு பக்கத்தாரும் பற்றையை வெட்டி ஒரு புது வரம்பு போட்டிருக்கிறார்கள், பழையது எங்கே நின்றது என்று தனக்கு இப்போது நிச்சயமில்லை என்றார். "தெரியாததைத் தெரியும் எண்டு கீறாத பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தாளை என்னிடம் திருப்பித் தந்தார். 52க்கும் 53க்கும் சனல் சேமிக்கவில்லை. நில அளவையாளர் வந்து கல் போடும் வரைக்கும் அந்த இரண்டு துண்டுகளும் என் பைலில் வெள்ளையாகவே இருக்கும்.